மாதரி மனையும் மாநகரும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

பிறந்த ஊரை விட்டுப் பெருநகரில் குடியேறும் ஒரு குடும்பத்தின் முதல் சில நாட்கள் வரலாற்று ஏடுகளில் இடம்பெறுவதில்லை. தண்ணீர் எங்கே கிடைக்கும், இந்தத் தெரு எங்கே கொண்டுபோய் விடும், கையிலிருக்கும் நகையை யாரிடம் நம்பி விற்பது, அடுப்பு மூட்ட யார் நெருப்புக் கொடுப்பார் என்னும் சிறு கவலைகளால் ஆனவை அந்நாட்கள். பிற்காலத்தில் அக்குடும்பம் நிலைபெற்றபின், அவை வீட்டார் சிரித்துப் பேசும் கதைகளாகும். நிலைபெறாமற் போனால் அவற்றைச் சொல்வதற்கும் ஆளிருக்காது.

அத்தகைய நாட்களைப் பொருட்படுத்தி எழுதிய பழந்தமிழ் நூல் ஒன்று உண்டு. அது சிலப்பதிகாரம். கற்பின் காப்பியமென்றும், ஊழின் காப்பியமென்றும், அரசியல் அறத்தின் காப்பியமென்றும் அது மேடைதோறும் போற்றப்படுகிறது. பிழைப்புத் தேடிப் பெருநகருக்கு வந்த ஓர் இளந்தம்பதியின் கதை என்ற அளவில் அதன் மதுரைக் காண்டம் அதிகம் பேசப்படவில்லை. இழந்த பொருளை ஈட்ட வேண்டும். கையில் மிஞ்சியது சிலம்பு. அதனையே முதலாகக் கொண்டு மதுரையில் வாணிகம் தொடங்க வேண்டும். கோவலன் புகாரை விட்டுப் புறப்பட்ட காரணம் இவ்வளவே. இன்று வீட்டு நகையை விற்று நகரத்தில் கடை வைக்க வருகிறவனின் கணக்கும் இதுவேயாம்.

காவிரிக்கரையில் கவுந்தியடிகள் துணைசேர, உறையூர் வழியாக நடந்து, வெயிலுக்கு அஞ்சி இரவில் வழிசென்று, வையையை மரப்புணையில் கடந்து, மூவரும் மதுரைப் புறஞ்சேரியை அடைகின்றனர். மதிற்கொடிகள் அவர்களை வரவேண்டா எனத் தடுப்பன போல அசைந்தன என்று இளங்கோவடிகள் குறிப்பிடுகிறார். மறுநாள் காலை கோவலன் ஊருக்குள் புறப்படுகிறான். அந்நகரத்து வணிகர்க்குத் தன் நிலையை உணர்த்தி வருவதாகச் சொல்லி, கண்ணகியைக் கவுந்தியிடம் விட்டுச் செல்கிறான். இனி நடப்பதை ஊர்காண் காதை விரிக்கிறது. மதில் வாயிலில் காவல் நிற்பவர்கள் யவனர். கடல் கடந்து வந்து இந்நகரில் வேலைக்கமர்ந்தவர்கள். அவர்கள் ஐயுறாதபடி கோவலன் உள்ளே நுழைகிறான். ஒரு வெளியூர்க்காரனை அயலூர்க்காரர்கள் சந்தேகமின்றி உள்ளே விட்டனர் என்பது மனத்திற் கொள்ளத்தக்கது. பின்னர் நிகழவிருப்பதை நோக்க, அந்த ஒரு சொல்லின் எடை மிகுதி.

உள்ளே அவன் கண்டவை எவை? மணிக்கடை வீதி, பொற்கடை வீதி, அறுவை வீதி, கூல வீதி, ஆடல் மகளிர் வாழும் வீதி. ஒவ்வொன்றிலும் நின்று பார்க்கிறான். மாணிக்கத்தின் குணமும் குற்றமும், பொன்னின் வகைகளும், மூட்டைகளுக்கிடையே திரியும் நிறைகோலும் முகக்கும் அம்பணமும் காப்பியத்தில் இடம்பெறுகின்றன. வணிகன் மகனுக்கு வணிகத் தெருவே காட்சிச்சாலை. ஆனால் எந்த வணிகரைக் காண அவன் சென்றானோ, அவர்களுள் ஒருவரையும் அவன் சந்தித்ததாகக் காப்பியம் காட்டவில்லை. நகரத்தைப் பார்த்தான், நகரத்தின் பெருமையைக் கவுந்தியிடம் வந்து சொன்னான், நகரத்தில் ஒருவரும் அவனை அறியவில்லை. பெருநகருக்குப் புதிதாய் வந்த இளைஞர் பலருடைய முதல் நாள் இப்படித்தான் முடிகிறது. தேடிப்போன ஆளின் வீட்டு வாசல்வரை சென்று, வறியவனாய் நிற்க நாணித் திரும்பி, கண்ட காட்சிகளை மட்டும் வீட்டாரிடம் விரித்துரைப்பவர் எந்தக் காலத்திலும் உண்டு. கோவலன் நாணினான் என்று காப்பியம் வெளிப்படச் சொல்லவில்லை. பிறந்த நகரில் முகங்காட்டக் கூசி, விடியுமுன் இருளில் புறப்பட்டவன் அவன் என்பதை மட்டும் இங்கே நினைவுகூரலாம்.

மதுரையின் தெருவமைப்பும் புதியவரைச் சோதிப்பதில் வல்லது. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதப் பெயர் தாங்கிய வீதிகள் கோயிலைச் சுற்றி ஒன்றனுள் ஒன்றாகச் சதுரமாய் அமைந்தவை. ஒவ்வொன்றுக்கும் நான்கு திசைப் பெயர்கள். நேராக நடப்பதாய் எண்ணிக்கொண்டு மூலைக்கு மூலை திரும்பி, புறப்பட்ட இடத்திற்கே வந்துசேர்ந்த கதை மதுரைக்கு வந்த எவரிடமும் ஒன்றாவது இருக்கும். கோபுரத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். நான்கு பக்கமும் நெடுங்கோபுரம் நிற்கும் ஊரில், எந்தக் கோபுரம் எந்தத் திசை என்று தெரிந்தவருக்கு மட்டுமே அது அடையாளம்.

காப்பியத்திற்கு மீள்வோம். பொழுது சாய்வதற்குள் புறஞ்சேரியை நீங்கி நகரினுள் செல்லுங்கள், அவ்விடம் துறவியர்க்கே ஏற்றது என்று மாடலன் கூறுகிறான், கவுந்தியும் உடன்படுகிறார். இயக்கிக்குப் பால்மடை கொடுத்துத் திரும்பும் இடைக்குல முதுமகள் மாதரி அவ்வேளையில் அங்கே வருகிறாள். கவுந்தி அவளிடம் சொல்வதன் பொருள் இது: இவனுடைய தந்தையின் பெயரைக் கேட்டால் இந்நகரத்து வணிகர் கிடைத்தற்கரிய பொருள் கிடைத்தாற்போல் எதிர்கொண்டு அழைத்துச்செல்வர், அதுவரை இவளை உன்னிடம் அடைக்கலமாகத் தருகிறேன். ஒரு பெயரைச் சொன்னால் கதவு திறக்கும். அந்தப் பெயரைச் சொல்லும் வரையில் தங்க ஒரு வீடு வேண்டும். குடிபெயர்வின் நடைமுறை முழுவதும் இவ்விரண்டில் அடங்கிவிடுகிறது.

கன்றை நினைந்து கதறும் பசுக்களோடும், தோளில் ஆட்டுக்குட்டியும் உறிக்காவடியும் சுமந்த இடையரோடும் கலந்து கண்ணகி அந்தி நேரத்தில் ஊருக்குள் செல்கிறாள். மதில் காவலர் முன்னே அவள் ஆயர் கூட்டத்தில் ஒருத்தி. மாதரி தன் வீட்டுக்கருகே செம்மண் பூசிய வேலியிட்ட சிறு மனை ஒன்றில் அவர்களைக் குடிவைக்கிறாள். சாவக நோன்பினர் பகலில் உண்ணவேண்டியவர் என்பதறிந்து சமையற்கலங்கள் உடனே கொடுக்கப்படுகின்றன. மாதரியின் மகள் ஐயை கண்ணகிக்கு நாத்தனார் முறை ஆகிறாள். ஒரே இரவில் ஓர் உறவுமுறை பிறந்துவிடுகிறது. பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலியரிசி, பால், மோர் என ஆயர் மகளிர் கொண்டுவந்து கொடுக்கின்றனர். செல்வ மனையில் வளர்ந்தவள் அரிவாளில் காய் நறுக்குகையில் விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, புகையில் கண் சிவக்கிறது. ஐயை வைக்கோலிட்டு அடுப்பு மூட்டுகிறாள். வாழையின் குருத்திலையில் கோவலன் உண்கிறான்.

ஒரு பேரரசின் தலைநகரம் எரியப்போகும் கதையில், ஒரு வேளைச் சமையலுக்கு இத்தனை வரிகளை இளங்கோவடிகள் ஏன் ஒதுக்கினார்? கொலையின் கொடுமையை மிகுவிக்கவே என்பது வழக்கமான விடை. மற்றொரு விடையும் உண்டு. கண்ணகிக்கு மதுரை என்பது இந்த அடுப்பும் ஐயையும் ஆயர் மகளிரும்தான். கோவலன் அரண்மனை நகரத்தையும் கடைத்தெருவையும் கண்டான். அவள் குடியிருக்கும் நகரத்தைக் கண்டாள். அதனாலேயே நகரை எரிக்கும்போது தீயோர் பக்கமே தீ சேரட்டும் என்று பகுத்துரைக்க அவளால் இயன்றது.

பிறகு நிகழ்ந்ததை எல்லோரும் அறிவர். ஆயினும் குடிபெயர்ந்தவன் என்ற கோணத்தில் அதனைத் திரும்பக் காணவேண்டும். சிலம்பு விற்கப் போகும் கோவலனுக்கு முதலில் எதிர்ப்படும் பெரியவர் பொற்கொல்லர் தலைவன், அவனையே நம்புகிறான். கொலைக்கு வந்த காவலர் அவனைக் கண்டு, இவன் கள்வன் போல் தோன்றவில்லை என்று தயங்குகின்றனர். கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று பொற்கொல்லன் நூல்வழக்குக் காட்டுகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் அந்த எட்டில் எதுவும் கோவலன் கையில் இருந்ததற்குச் சான்றில்லை. கள்வனென்று தோன்றாமையே கள்வன் என்பதற்குச் சான்றாகிவிடுகிறது. குடித்திருந்த கல்லாக் காவலன் ஒருவன் வாளை வீசுகிறான்.

இவ்வளவு நேரத்திலும் அவனிடம் கேட்கப்படாத கேள்வி ஒன்று: நீ யார், உன் ஊர் எது, உன் தந்தை யார்? அரசன் அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் கேட்டான்; கண்ணகி தலைவிரி கோலமாய் வந்து நின்றபோது. அவள் புகாரின் பெயரையும், மாசாத்துவான் மகன் என்று கணவன் பெயரையும், தன் பெயரையும் சொன்னாள். கவுந்தி எதிர்பார்த்தபடி கதவு திறக்கவேண்டிய அந்தப் பெயர் அரசவையில், காலம் கடந்தபின், உரைக்கப்பட்டது. கடைத்தெருவில் ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

புதிதாய் வந்தவனைப் பெயர் கேட்டு ஏற்பதா, பெயர் கேளாமல் கள்வன் என்பதா என்னும் இந்த வழக்கிற்கு மதுரைக்கு மேற்கே கல்லிலும் ஒரு சாட்சி இருக்கிறது. வையைக்குத் தென்புறம், நகரிலிருந்து 10 கிலோமீட்டருக்குச் சற்று மேல் தொலைவில் உள்ள கீழக்குயில்குடியின் சமணர் மலை அது. அடிவாரத்தில் அய்யனார் கோயிலும் ஆலமரமும் தாமரைக் குளமும். மேலே செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் என்னும் இடங்களில் சமணத் திருமேனிகளும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும். வெண்புநாட்டுக் குறண்டியிலிருந்து வந்த துறவியர் வழியினர் இங்கே பள்ளி கொண்டிருந்தனர் என்பதை அக்கல்வெட்டுகள் காட்டுகின்றன. யார் மாணாக்கர், எந்த ஊரார், யார் செய்வித்தது என்று ஒவ்வொரு திருமேனியின் கீழும் பெயரும் ஊரும் முறையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அச்சணந்தியின் தாயார் குணமதியார் பெயரும் அவற்றுள் ஒன்று. செட்டிப்புடவில் உள்ள ஒரு கல்வெட்டு, கனகவீரப் பெரியடிகள் குயிற்குடி ஊரார் பெயரால் ஒரு திருமேனியைச் செய்வித்தார் என்கிறது. தங்கள் மலையில் தங்க இடம் தந்த ஊருக்கு, வந்தவர் அளித்த கைம்மாறாக அதனைக் கொள்ளலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னைய எழுத்து அது.

பின்னாளில் சமணம் அப்பக்கம் மறைந்தது. யார் இவர் என்று தெரியாத சிலைகள் நின்றன. ஊரார் அவற்றைப் பெயரின்றி விட்டுவிடவில்லை. நீண்ட காதுகளோடு அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர் செட்டியாரானார். அவர் இருக்கும் குகை செட்டிப்புடவாயிற்று. மற்றோரிடம் பேச்சியின் பெயர் பெற்றது. மாதரி தன் மகளை நாத்தனாராக்கியதும், இவ்வூரார் தீர்த்தங்கரரைச் செட்டியாராக்கியதும் ஒரே பழக்கத்தின் இரு வெளிப்பாடுகள். புரியாத அயலானுக்குத் தெரிந்த ஒரு முறைப்பெயரைச் சூட்டிவிட்டால் அவன் அயலான் ஆகான்.

அதே ஊரின் பெயர் 1914ஆம் ஆண்டு வேறொரு பதிவேட்டில் ஏறியது. 1911ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டத்தைச் சென்னை மாகாண அரசு பிரமலைக் கள்ளர்மீது ஏவியபோது, முதலில் அதற்குள்ளானோர் கீழக்குயில்குடியைச் சேர்ந்தவர்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஏனைய ஊர்களுக்கும் அது விரிந்தது. ஆடவர் கைரேகை பதிக்கவேண்டும்; இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ வந்து படுக்கவேண்டும்; ஊர் எல்லை கடக்க ராதாரிச் சீட்டுப் பெறவேண்டும். மதுரைத் தெருக்களின் இரவுக்காவல் ஒருகாலத்தில் இவ்வட்டாரத்தார் கையில் இருந்தது. நகரத்தைக் காத்தவர்கள் நகரத்திற்குப் போகச் சீட்டுக் கேட்டு நிற்கும் நிலை வந்தது. பெருநகருக்குச் செல்லும் சிறுபயணம் எல்லோர்க்கும் விளையாட்டாய் அமைவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. கோவலன் கையில் சிலம்பு இருந்ததாவது உண்டு. இங்கே பிறந்த குழந்தைக்குக் கையில் ஒன்றுமில்லாமலே கள்வன் என்னும் பெயர் காத்திருந்தது. 1920 ஏப்ரல் 3ஆம் நாள், ரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூரில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மக்கள் உயிரிழந்தனர்.

அந்நாளில் இம்மக்களுக்காக வாதாடியவர்களுள் முன்னின்றவர் ஒரு வெளியூர்க்காரர். கேரளத்துச் செங்கன்னூரில் 1887இல் பிறந்து, இங்கிலாந்தில் சட்டம் பயின்று, மதுரையில் தொழில் நடத்திக் குடியமர்ந்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் அவர். 1918இல் மதுரை ஆலைத் தொழிலாளர் சங்கம் அமைவதிலும் அவர் பங்கு பெரிது. யோசேப்பு என்னும் பெயர் மக்கள் நாவில் ரோசாப்பூ ஆகி, ரோசாப்பூ துரை என அவர் வழங்கப்பெற்றார். அப்பெயர் பிள்ளைகளுக்கும் இடப்பட்டது. 1938இல் மதுரையிலேயே மறைந்தார். வெளியிலிருந்து வந்தவர் உள்ளூராருக்காக இவர்கள் கள்வரல்லர் என்று சொன்னார். உள்ளூரார் அவருக்குத் தங்கள் வாய்க்கு இசைந்த பெயரை ஈந்தனர். அடைக்கலம் இருபுறமும் செல்லும் பாதை என்பதற்கு மதுரை கண்ட சான்று இது. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது.

சீட்டுத் தேவைப்படாத காலம் வந்தபின் வந்தவர்கள் எதிர்கொண்ட கேள்விகள் மென்மையானவை; ஆயினும் அவையும் கேள்விகளே. ஹார்வி ஆலைகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் சுற்றுச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்களை மதுரையின் காம்பவுண்டு வீடுகள் ஏற்றன. ஒரு வாசல், பத்துக் குடித்தனம், ஒரு குழாய். விடியலுக்கு முன் குடத்தை வரிசையில் வைப்பதில் தொடங்கும் அங்குள்ள வாழ்க்கை. குடத்தைத் தள்ளி வைத்தவளோடு காலையில் சண்டை. மாலையில் அவள் பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் கஞ்சி வைத்துக் கொடுப்பது. ஊரில் கிணற்றடியில் அரைநாள் பேசியவளுக்கு இங்கே குழாயடியில் ஐந்து நிமிடம். ஆனால் அந்த வாசலைக் கடப்பதற்கு முன் வீட்டுக்காரர் கேட்பார்: எந்த ஊர்? அங்கே எந்தத் தெரு? தெரிந்தவர் யாராவது உண்டா? ஊர் கேட்பதுபோல் கேட்கப்படும் சாதி அது. பெயரைச் சொன்னால் திறக்கும் கதவைப் போலவே, பெயரைச் சொன்னதும் மூடிக்கொள்ளும் கதவும் நகரத்தில் உண்டு. மாசாத்துவான் மகனுக்குப் பெயர் செல்வம். வேறு பலருக்குப் பெயரே தடை. இவ்வேறுபாட்டை மறந்து நகரத்தைப் பாடும் கவிதை பாதிக் கவிதையே.

புதுமைப்பித்தன் 1943இல் வெளியிட்ட ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையும் ஒருவகையில் குடிபெயர்ந்தவர் கதைதான். சென்னையின் தெருமுனையில் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்டு நிற்கும் புதியவர் கடவுள். காப்பி குடித்து, ரிக்‌ஷாவில் ஏறி, கந்தசாமிப் பிள்ளை வீட்டுக்கு வந்துசேர்கிறார். வீட்டில் அவரை உறவுக்காரராகவே அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது. கடவுளாகவே இருந்தாலும், பெரியப்பா என்ற முறை கிடைத்தால்தான் சென்னையில் ஒரு வேளைச் சோறு. சிரிக்க வைக்கும் இடம். சிரித்து முடித்தபின் மாதரியின் மனை நினைவுக்கு வரும்.

இன்று மதுரையின் உணவகங்களிலும் கட்டட வேலைகளிலும் பீகார், ஒடிசா, வங்காளம் முதலிய பகுதிகளிலிருந்து வந்த இளைஞர்கள் உழைக்கின்றனர். அவர்களுக்கும் முதல் நாட்கள் உண்டு. பேருந்தில் ஊர்ப்பெயரைத் தவறாக ஒலித்து வேறிடத்தில் இறங்கியது, உப்பு வாங்கப்போய்ச் சர்க்கரை வாங்கி வந்தது, மேம்பாலத்தடியில் ஊர்க்காரன் ஒருவனின் மொழியைக் காதிற்கேட்டுத் திரும்பி ஓடியது போன்ற சிறுகதைகள் அவர்களிடமும் இருக்கும். 2023 மார்ச்சில் இத்தகைய தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவியபோது, எவ்வளவு மெல்லிய நூலில் அவர்களுடைய அமைதி தொங்குகிறது என்பது தெரிந்தது. அவர்களைத் தம்பி என்று அழைக்கும் தேநீர்க்கடைக்காரர் இருக்கிறார். எல்லோரையும் ஒரே பெயரால், வடக்கன் என்று, அழைத்து முடிப்பவரும் இருக்கிறார். மாதரியும் பொற்கொல்லனும் ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள்.

கவிஞர் பெருமக்களே, கல்வெட்டு ஒரு பெயரைக் காத்தது. பதிவேடு ஒரு பெயரைக் கெடுத்தது. கவிதையும் பெயர் எழுதும் தொழிலே. நகரத்தைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கவிதைகளில் புகையும் நெரிசலும் தனிமையும் நிரம்ப உள்ளன. வைக்கோலிட்டு அடுப்பு மூட்டிய ஐயை குறைவாகவே இருக்கிறாள். நகரம் இரக்கமற்றது என்று பாடுவது எளிது. இரக்கம் எந்த வீட்டில், எந்த வேளையில், எந்தப் பாத்திரத்தில் ஊற்றிக் கொடுக்கப்பட்டது என்று எழுதுவதற்குக் கூர்ந்த பார்வை வேண்டும். இளங்கோவடிகள் காயின் பெயரும் இலையின் பெயரும் சொன்னார். அதனாலேயே அவ்வீட்டின் அழிவு இன்றும் நெஞ்சைத் தைக்கிறது.

அடைக்கலம் தந்தவர்களுக்கு நேர்ந்ததையும் காப்பியம் மறைக்கவில்லை. அடைக்கலப் பொருளை இழந்தேன் என்று மாதரி தீயிற் புகுந்தாள். கவுந்தி உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார். வஞ்சிக் காண்டத்தில் மாடலன் வாயிலாக இது தெரியவருகிறது. கண்ணகிக்குக் கல் எடுத்தனர், கோயில் எழுப்பினர். வந்தவளைத் தன் வீட்டாள் என்று ஏற்று, அதற்குத் தன் உயிரை ஈடுவைத்த முதுமகளுக்குக் கல்லும் இல்லை, கோயிலும் இல்லை. பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தின் கவிஞர்கள் அடுத்த பத்தாண்டில் எழுதுவதற்கு ஒரு பொருளை இம்மேடை முன்வைக்கலாமெனில், அது மாதரியின் அந்தச் சிறு மனையே ஆகும். அது இன்னும் மதுரையில் இருக்கிறது. தெருவின் பெயர்தான் மாறியிருக்கிறது.